ஒன்ராறியோ குளிர்த் தண்ணி டைவிங்: சாமான் வாங்கிறதை எதிலை தொடங்கிறது?

ஸ்காபரோ_சுறா

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா இஞ்ச வாசிக்கிறனான், எழுதுறது இப்பதான்.

போன வருசம் ஊருக்குப் போகேக்க நிலாவெளியிலை ஓப்பன் வாட்டர் எண்ட முதல் டைவிங் கோர்ஸ் முடிச்சனான். புறாத்தீவுப் பக்கம் தண்ணி 28 டிகிரி. மெல்லிய அரைக்கை வெற்சூட் (றப்பர் டைவிங் உடுப்பு), மூழ்கிறதுக்கு இடுப்பிலை கொஞ்ச ஈயம், அவ்வளவுதான். திரும்பி வந்து ஓகஸ்ற்றிலை புறொக்வில்லிலை சென்ற் லோறன்ஸ் ஆத்துக்குள்ள இறங்கினன். வாடகைக்கு எடுத்த 7 மி.மீ வெற்சூட்டோட நல்லாத்தான் இருந்தது.

இந்த வருசம் ரொபர்மோரிக்குப் போவம் எண்டு கூட்டாளிமார் நிக்கிறாங்கள். நயாகரா 2 கப்பலைப் பாக்க வேணும் எண்டு எனக்கும் ஆசை. கடையிலை ஒரு பக்கேஜ் காட்டினவை: 7 மி.மீ வெற்சூட், ஜக்கெற் பிசிடி (காத்தடிச்சு மிதக்கிற ஜக்கெற்), றெகுலேற்றர் (சிலிண்டர்க் காத்தை மூச்செடுக்கத் தாறது), கொம்பியூற்றர் (ஆழமும் நேரமும் காட்டுறது), ஃபின்ஸ். எல்லாம் சேர்த்து 3,200 டொலர் சொச்சம். ஒரேயடியா அதை வாங்கிறதோ, இல்லாட்டி ஒண்டொண்டாப் போறதோ?

என்ரை நிலைமை: 5 அடி 6 அங்குலம், 62 கிலோ, கெதியாக் குளிர் பிடிக்கிற உடம்பு. மச்சான் ஒருத்தர் மாலைதீவிலை பாவிச்ச பாரமில்லாத றெகுலேற்றர் ஒண்டு சும்மா தாறன் எண்டு சொல்லுறார். அதை எடுத்தால் ஒரு செலவு மிச்சம். 3,500 வரைக்கும் போடலாம், ஆனால் இந்தக் கோடைக்குள்ளயே முடிக்க வேணும் எண்டில்லை.

நெய்தல்

பேக்கேஜை இப்போதைக்கு விடுங்க ப்ரோ, அது எங்கயும் ஓடிடாது. முதல்ல எந்தத் தண்ணில இறங்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. மிச்சம் எல்லாம் அதைப் பொறுத்துதான்.

ப்ராக்வில்ல ஆறு ஓடிக்கிட்டே இருக்கிறதால மேல் தண்ணியும் அடித் தண்ணியும் கலந்துடும். ஆகஸ்ட்ல மேல 21, 22 டிகிரின்னா, ராபர்ட் காஸ்கின் கப்பல் கிடக்கிற 20 மீட்டர்லயும் கிட்டத்தட்ட அதேதான். டொபர்மோரி அப்படி இல்ல, அது ஏரி. நல்ல தண்ணிக்கு அடர்த்தி அதிகமா இருக்கிறது 4 டிகிரில. அதனால குளிர்காலத்துல கீழ இறங்கின தண்ணி வெயில் காலம் முழுக்க அடியிலயே கிடக்கும், வெயில் மேல் அடுக்கை மட்டும்தான் சூடாக்கும். ரெண்டுக்கும் நடுவுல சட்டுனு குளிர் மாறுற அடுக்குதான் தெர்மோக்ளைன். க்ளாஸ்ல படம் போட்டுச் சொல்லியிருப்பாங்க. நேர்ல பார்த்தா, கையைக் கீழ நீட்டினா விரல் விறைக்கும், தோள் இன்னும் வெதுவெதுப்புல இருக்கும். அவ்வளவு சட்டுனு மாறும்.

நயாகரா 2-ஐ டைவர்களுக்காகவே 1999-ல மூழ்கடிச்சாங்க. அது உக்காந்திருக்கிற தரை சுமார் 30 மீட்டர். ஆகஸ்ட்லயும் அங்க 4, 5, 6 டிகிரிதான். அதே ஊர்ல பிக் டப் துறைமுகத்துக்குள்ள 1885-ல மூழ்கின ஸ்வீப்ஸ்டேக்ஸ் பாய்மரக் கப்பல் கிடக்கு, ஆறு மீட்டர் ஆழம்தான். அதுக்கு உங்க 7 மி.மீ போதும். நயாகராவுக்குப் போதாது. இன்னொண்ணு, ஓப்பன் வாட்டர் கார்டு 18 மீட்டருக்குத்தான். முழுக் கப்பலையும் பார்க்கணும்னா அட்வான்ஸ்டு கோர்ஸ் முடிச்சுட்டு வாங்க.

மச்சானோட ரெகுலேட்டர் என்ன மாடல்? ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்லயோ (சிலிண்டர்ல பூட்டுறது) செகண்ட் ஸ்டேஜ்லயோ (வாயில வைக்கிறது) ஈ.என் 250-ன்னு ஆரம்பிக்கிற எழுத்து இருக்கும். அப்படியே பார்த்து எழுதுங்க.

பியோர்ட்_மாமா

தம்பி, சுத்தி வளைக்காமச் சொல்லுறன்: ட்றைசூட், தண்ணி உள்ளுக்கு வராத உடுப்பு. இருக்கிற காசை அதிலை போடுங்கோ, மிச்சத்தை வாடகைக்கு எடுங்கோ.

62 கிலோ உடம்பிலை சூட்டைப் பிடிச்சு வைக்கக் கொழுப்பும் இல்லை. தண்ணி காத்தை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாச் சூட்டைக் கடத்தும். வெற்சூட் சூடு தாறது றப்பருக்குள்ள இருக்கிற காத்துக் குமிழாலைதான். 30 மீட்டரிலை அமுக்கம் மேலை இருக்கிறதை விட நாலு மடங்கு. குமிழெல்லாம் நசுங்கிப் போகும். கடையிலை 7 மி.மீ, அடியிலை 7 இல்லை. தண்ணி எங்க ஆகக் குளிரோ, அங்கதான் உங்கடை உடுப்பு ஆக மெல்லிசு.

பேந்து இரண்டாவது டைவ். முதல் டைவ் முடிச்சு ஈர உடுப்போட படகிலை காத்துக்கு இருந்து பாருங்கோ. ஒஸ்லோவிலை கனபேர் முதல் கோர்ஸே ட்றைசூட்டோடதான் செய்யினம். எங்கடை பியோர்ட் (நிலத்துக்குள்ள புகுந்த கடல்) உங்கடை ஏரிக்கு மறுவளம்: மாசியிலை மேலைதான் ஆகக் குளிர், ஒண்டு ரெண்டு டிகிரி. கீழ போனால் 6, 7 வரும், கொஞ்சம் சுகமாக் கூட இருக்கும். என்ன மாதமெண்டாலும் உடுப்பு அதேதான்.

குவாரிக்_குருவி

மாமா, உங்கள் ஊருக்கு அது சரி. ஆனால் ட்ரைசூட்டில் ஒரு தடவைகூட இறங்காத ஆளை முழுக் காசையும் அதில் போடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நான் இங்கிலாந்தில் ஸ்டோனி கோவ் குவாரிப் பக்கம். இங்கே இரண்டாம் கை விற்பனையில் வரும் ட்ரைசூட்டில் பாதி, அளவு சரியில்லாமல் வாங்கி ஒரு கோடையோடு தூக்கிப் போட்டவைதான்.

முதலில் ட்ரைசூட் கோர்ஸ். பெரும்பாலான கடைகளில் கோர்ஸுக்கு உடுப்பும் தருவார்கள். உடுப்புக்குள் இருக்கும் காற்று காலுக்குப் போய்த் தலைகீழாகத் தூக்கும்போது என்ன செய்வது, காற்றடைக்கும் இன்ஃப்ளேட்டர் பொத்தான் சிக்கிக்கொண்டால் குழாயை எப்படிக் கழற்றுவது, காற்றை வெளியேற்ற இடது தோளில் இருக்கும் டம்ப் வால்வை எந்த அளவுக்குத் திறந்து வைப்பது, இதையெல்லாம் ஆழமில்லாத இடத்தில் யாராவது பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். ரொபர்மோரிப் படகில் நின்று கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை.

அதற்குப் பிறகு வாங்கப் போகும்போது: அடியில் போடும் கம்பளி உடுப்பையும் கையோடு கொண்டு போங்கள். அதைப் போட்டு, மேலே சூட்டைப் போட்டு, கடை நடுவிலேயே குந்துங்கள். இரண்டு கையாலும் தோளைக் கட்டிப் பிடியுங்கள். கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொடுங்கள். கவட்டில் இழுத்தாலோ கை எட்டாவிட்டாலோ அந்த அளவு வேண்டாம். நான் ஐந்தடி ஒரு அங்குலம். ஆண்களுக்கு வெட்டிய சூட்டில் எனக்குக் கால் பகுதி மடிந்து மடிந்து நிற்கும், மடிப்பில் எல்லாம் காற்று போய் உட்காரும். கொஞ்சம் கூடக் கொடுத்து அளவெடுத்துத் தைக்கச் சொல்வது மலிவு.

தண்ணி புகாமல் கழுத்தைப் பிடிக்கும் சீல் லேட்டக்ஸ் என்றால் கூம்பு வடிவில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும். ஒரு வளையம் வெட்டுங்கள், போட்டுப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் அடுத்தது. ஒரேயடியாக வெட்டினால் புது சீல்தான். இறுக்கமாக விட்டாலும் ஆபத்து, கழுத்து இரத்தக் குழாயை அமுக்கித் தலை சுற்றும்.

ஸ்காபரோ_சுறா

நெய்தல் அண்ணா, பாத்தன். ஃபெர்ஸ்ற் ஸ்ரேஜிலை "ஈ.என் 250ஏ" எண்டு இருக்கு. அதுக்குப் பக்கத்திலை "> 10" எண்டு டிகிரிக் குறியோட போட்டிருக்கு. சேவிஸ் போன வருசம்தான் செய்தவராம், புதுசு மாதிரித்தான் கிடக்கு. இது நல்லமோ?

குருவி அக்கா, கோர்ஸ் பற்றிச் சொன்னதுக்கு நன்றி. அதை யோசிக்கேல்லை.

நெய்தல்

நல்ல ரெகுலேட்டர்தான், ஆனா டொபர்மோரிக்கு இல்ல. ஐரோப்பாவுல ஈ.என் 250 தரத்துல 10 டிகிரிக்குக் கீழ இருந்தா அது குளிர்த் தண்ணி. 4 டிகிரில வச்சுச் சோதிப்பாங்க. அதுல தேறாத, இல்ல அந்தச் சோதனைக்கே அனுப்பாத ரெகுலேட்டருக்குத்தான் "10-க்கு மேல மட்டும்"னு அந்தக் குறி. சர்வீஸ் பண்ணினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, வடிவமைப்பே அப்படி. புறாத்தீவுக்கு எடுத்துட்டுப் போங்க, பெட்டில எடை மிச்சம்.

ஏன்னு தெரிஞ்சுக்கிட்டா கடைல யாரும் ஏமாத்த முடியாது, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். சிலிண்டர்ல 200 பார் அழுத்தத்துல இருக்கிற காத்து ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல சுமார் 10 பாருக்கு இறங்குது. அப்படிச் சட்டுனு விரியும்போது காத்து பயங்கரமா குளிரும், பூஜ்யத்துக்குக் கீழ போயிடும்.  அந்த உலோகத்தை மறுபடி சூடாக்க வேண்டியது சுத்தி இருக்கிற தண்ணி. தண்ணியே 4 டிகிரின்னா அது எவ்வளவு சூடு தரும்? ஸ்பிரிங் பக்கம் இருக்கிற தண்ணி உறைஞ்சா வால்வு மூட முடியாம மாட்டிக்கும். காத்து நிக்காம கொட்டும், அதான் ஃப்ரீஃப்ளோ. கொட்டக் கொட்ட இன்னும் குளிரும், இன்னும் உறையும். ஒரு 80 கன அடி அலுமினிய சிலிண்டர் 30 மீட்டர்ல அப்படிக் கொட்ட ஆரம்பிச்சா காலியாக ரொம்ப நேரம் ஆகாது, நிமிஷக் கணக்குதான்.

கடல்ல டைவ் பண்றவங்க ஒண்ணைக் கவனிக்கணும். உப்புத் தண்ணி உறையறது மைனஸ் 2 டிகிரி கிட்ட. ஏரித் தண்ணி பூஜ்யத்துலயே உறையும். அதனால அதே 4 டிகிரில ஏரிதான் ரெகுலேட்டருக்குக் கஷ்டம். மாமா கடல்ல ஓட்டுற ரெகுலேட்டர் எங்க ஏரில தகராறு பண்ணலாம்.

வாங்கும்போது: சீல் பண்ணின டயாஃப்ரம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதாவது ஸ்பிரிங் இருக்கிற அறைக்குள்ள ஏரித் தண்ணி போகாத வகை. ஏபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ் வரிசை, ஸ்கூபாப்ரோ எம்.கே.17, இதெல்லாம் இங்க படகுல அடிக்கடி பார்க்கலாம். சிலிண்டர்ல மாட்டுறதுக்கு யோக் (கவ்விப் பிடிக்கிறது) வேண்டாம், டின் (திருகி மாட்டுறது) வாங்குங்க, ஊருக்குப் போறப்ப அடாப்டர் ஒண்ணு போட்டுக்கலாம். ஆக்டோபஸையும் (உதிரி செகண்ட் ஸ்டேஜ்) கேட்டு வாங்குங்க. நிறைய பேக்கேஜ்ல மெயின் செகண்ட் ஸ்டேஜ் நல்லதா இருக்கும், ஆக்டோபஸ் மட்டும் சும்மா கணக்குக்கு ஒட்டி வச்சிருப்பாங்க. 250-க்குப் பின்னாடி இருக்கிற அந்த "ஏ" எழுத்து ஆக்டோபஸோட சேர்த்துச் சோதிச்சதுக்குத்தான்.

எவ்வளவு நல்ல ரெகுலேட்டரா இருந்தாலும் பழக்கம் முக்கியம். வெளிக் காத்து குளிரா இருக்கும்போது படகுல நின்னு ரெகுலேட்டர்ல மூச்சு இழுத்துப் பார்க்காதீங்க, காத்தை வெளிய தள்ளுற பர்ஜ் பட்டனை அமுக்காதீங்க. மூச்சு ஈரம் உள்ள போய் உறையும். வாயைத் தண்ணிக்குள்ள வச்ச பிறகு இழுத்துப் பாருங்க. பிசிடிக்கு காத்து விடறப்ப சின்னச் சின்னதா விடுங்க, மூச்சு இழுக்கிற அதே நேரத்துல விடாதீங்க.

புதுவை_அலை

வணக்கம், நான் பாண்டிச்சேரில டைவ் மாஸ்டர். எங்க தண்ணி 28, 29. 3 மி.மீ போட்டாலே சில பேர் வேர்க்குதுன்னு சொல்லுவாங்க. அதனால இந்த இழையை வேற கிரகத்துக் கதை மாதிரி படிச்சுட்டு இருக்கேன்.

ஒரு சந்தேகம். ட்ரைசூட்னா ஈயம் எவ்வளவு கட்டுவீங்க? எங்க ஊர்ல 62 கிலோ ஆளுக்கு மூணு கிலோ, மிஞ்சினா நாலு.

குவாரிக்_குருவி

அலை, ஆளுக்கு ஆள் மாறும். பத்துக் கிலோவுக்கு மேல் கட்டுகிற ட்ரைசூட் ஆட்கள் இங்கே சாதாரணம். உள்ளே போடும் கம்பளி உடுப்பில் பிடித்திருக்கும் காற்றுதான் சூடு, அதே காற்றுதான் மேலே தூக்குகிறது. இரண்டையும் பிரிக்க முடியாது. தடித்த 7 மி.மீ வெட்சூட் இரண்டு அடுக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே ஈயம்தான்.

சுறா தம்பிக்கு ஒரு ஆறுதல்: ஏரி நல்ல தண்ணி. கடல் தண்ணி அதை விட சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூட. ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால், அதே உடுப்போடு கடலில் கட்டுவதை விட ஏரியில் இரண்டரைக் கிலோ குறைத்துக் கட்டலாம்.

சிலிண்டர் ஸ்டீலாக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று கிலோ இறக்கலாம். 80 அலுமினியம் டைவ் முடிவில் காலியாகும்போது மிதக்க ஆரம்பிக்கும். கடைசியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நிற்க வேண்டிய நேரத்தில்தான் அது தூக்கும், அதற்கும் சேர்த்து ஆரம்பத்திலேயே ஈயம் கட்ட வேண்டி வருகிறது.

பியோர்ட்_மாமா

குருவி சொன்னது சரி, கோர்ஸ் செய்யட்டும். நான் அதை வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனால் கோர்ஸ் முடிச்ச ஆள் திரும்பி 7 மி.மீ வாங்க மாட்டார், இருந்து பாருங்கோ.

உள்ளுடுப்பு பற்றி ஒராளும் வடிவாச் சொல்லேல்லை. ட்ரைலமினேற் சூட் தண்ணியை மறிக்கிறதோட சரி, அது மெல்லிய துணிதான். சூடு முழுக்க உள்ளுக்க போடுறதிலை. 1,500 டொலர் சூட்டுக்குள்ள நல்ல உள்ளுடுப்பு போட்டவன், 3,000 டொலர் சூட்டுக்குள்ள ஜொகிங் சூட் போட்டவனை விடச் சுகமா இருப்பான். உடம்போட மெரினோ கம்பளி, அதுக்கு மேலை தின்சுலேற் மாதிரிச் சூடு காக்கிற உள்ளுடுப்பு ஒண்டு. பருத்தி பெனியனோட இறங்கிப் போடாதையுங்கோ, வேர்வையைக் குடிச்சுக்கொண்டு உடம்போட ஒட்டிக் கிடக்கும். நியோப்றீன் ட்றைசூட் எண்டால் அந்த உடுப்பே கொஞ்சம் சூடு தரும், ஆனால் பாரம், காயவும் நேரமெடுக்கும்.

பிறகு கை. இதை மட்டும் விளையாட்டா எடுக்காதையுங்கோ. கால் குளிர்ந்தால் கரைச்சல், கை விறைச்சால் ஆபத்து. பிசிடி பொத்தான் எது, டம்ப் எது எண்டு விரலுக்குத் தெரியாது. ஈயப் பட்டியின்ரை கொளுக்கியைக் கழட்டேலாது. 5 மி.மீ ஐவிரல் கையுறையோட 4 டிகிரியிலை அரை மணித்தியாலம் எனக்குக் கஷ்டம். மூண்டு விரல் கையுறை கொஞ்சம் திறம். ட்றைசூட்டுக்கு வளையம் பூட்டி ட்றை கையுறை போட்டு, உள்ளுக்குக் கம்பளிக் கையுறை போட்டால் அதுதான் சொர்க்கம்.

அதுவரைக்கும் ஈரக் கையுறைக்கு ஒரு வேலை செய்யுங்கோ: சுடுதண்ணிப் போத்தலிலை இளஞ்சூட்டுத் தண்ணி கொண்டு போய், இறங்க முந்திக் கையுறைக்குள்ள கொஞ்சம் ஊத்திப் போட்டுக் கையை விடுங்கோ. உள்ளுக்க வாற முதல் தண்ணி சூடா இருந்தால் குளிர்ந்த தண்ணி புகுந்து கொள்ள இடம் குறைவு.

மார்க்கம்_ராசன்

இடையிலை வாறதுக்கு மன்னிக்கவும். வயசு 54, பிறசர் குளிசை எடுக்கிறனான். கரீபியனிலை டைவ் செய்து பழக்கம். மகன் ரொபர்மோரிக்குக் கூப்பிடுறான். எனக்கு ஏதாவது வித்தியாசமாப் பாக்க வேணுமோ? ஹீற்றர் பூட்டின உள்சட்டை விக்கினம், அதை வாங்கிப் போட்டால் குளிர்ப் பிரச்சினை தீர்ந்துதானே?

குவாரிக்_குருவி

அண்ணை, சட்டையைப் பிறகு பார்ப்போம், முதலில் டைவிங் தெரிந்த டாக்டரிடம் போங்கள். குளிர்த் தண்ணிக்குள் இறங்கினதும் கை கால் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும், இரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர்களுக்கு நுரையீரலுக்குள் நீர் கசிகிற ஆபத்து கூடுதல். டைவின்போது காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், இருமல் வந்தால், நுரை போலச் சளி வந்தால் அத்தோடு டைவை முடித்து மேலே வர வேண்டும், உடனே ஆஸ்பத்திரி. தண்ணி குடித்து ஓய்வெடுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. இறுக்கமான வெட்சூட்டும் இதற்கு நல்லதல்ல.

ஹீட்டர் சட்டை: அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனை டைவிங் பிரிவு 2007-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அடியில் சூடாக இருந்து, மேலே வரும்போது குளிர்ந்த டைவர்களுக்கு டிகம்ப்ரஷன் நோய் (உடம்பில் நைட்ரஜன் குமிழ் கட்டுவது) அதிகம் வந்தது. அடியில் குளிராகவும் ஏறும்போது சூடாகவும் இருந்தவர்களுக்கு மிகக் குறைவு. இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும்போது நைட்ரஜன் உடம்பில் அதிகம் ஏறுகிறது, குளிர்ந்தால் வெளியேற மறுக்கிறது. சட்டையை அடியில் முழு வேகத்தில் ஓட விட்டு, ஏறுகிற நேரம் பார்த்து பேட்டரி செத்தால் அதுதான் கெட்ட பக்கம். நல்ல உள்ளுடுப்போடு போங்கள், சட்டை இரண்டாம் பட்சம்.

மார்க்கம்_ராசன்

சரி தங்கச்சி. டொக்டரிட்டை அப்பொயின்ற்மென்ற் போடுறன்.

ஸ்காபரோ_சுறா

நான் இப்ப இப்பிடி யோசிக்கிறன், பிழையெண்டால் சொல்லுங்கோ.

கடைப் பக்கேஜ் வேண்டாம். வைகாசியிலை ட்றைசூட் கோர்ஸ், அவையின்ரை சூட்டிலை. பிறகு கோடை முழுக்க வாடகை. றெகுலேற்றர் இப்பவே வாங்கிறன், குளிர்த் தண்ணிக்குரியது, டின். கொம்பியூற்றரும் வாங்கிறன். தலைக்கு 7 மி.மீ ஹூட், கையுறை, இரண்டும் சொந்தமா. பிசிடி வாடகை. ரொபர்மோரி இந்த முறை ஸ்வீப்ஸ்டேக்ஸும் கரைப் பக்கமும் மட்டும், நயாகரா அடுத்த வருசம்.

நெய்தல்

நல்ல வரிசை. பிசிடியை வாடகைக்கு விட்டதுதான் இதுல புத்திசாலித்தனம், ஏன்னா ட்ரைசூட் வந்த பிறகு உங்க தேவையே மாறிடும். ஜாக்கெட் பிசிடியை விட்டு ஸ்டீல் பேக்பிளேட்டும் (முதுகுத் தகடு) விங்கும் (அதுல மாட்டுற காத்துப் பை) எடுப்பீங்கன்னு எனக்குத் தோணுது. பிளேட்டே ரெண்டரை மூணு கிலோ. இடுப்புல தொங்க வேண்டிய ஈயத்துல அவ்வளவு முதுகுக்குப் போயிடும். ஆனா எல்லா எடையையும் கழட்ட முடியாத இடத்துல வைக்காதீங்க. பிசிடி கிழிஞ்சாலும் கைல கொஞ்சம் ஈயத்தைக் கழட்டிப் போட்டு மேல வர முடியணும்.

கம்ப்யூட்டர்ல ஒண்ணுதான் பார்ப்பேன். கடைக்குத் தடிமனான கையுறையைக் கொண்டு போய், போட்டுக்கிட்டே பட்டனை அமுக்கிப் பாருங்க. கையுறையோட மெனுவுக்குள்ள போய் வெளிய வர முடியலன்னா அது வேண்டாம். ஷியர்வாட்டர் நம்ம பிரிட்டிஷ் கொலம்பியாவுல செய்யறது, திரை பெருசு, பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியதில்ல. வாட்ச் மாதிரி இருக்கிற சின்ன மாடல் கோடைல அழகு, ஆனா எழுத்தும் சின்னது.

ஃபின்ஸ் இப்ப வாங்காதீங்க. ட்ரைசூட் பூட் பெருசு, கால் அளவு மாறும். அப்புறமா கனமான ரப்பர் ஃபின் எடுங்க, காலைக் கீழ பிடிச்சு வைக்கும்.

பியோர்ட்_மாமா

நல்லது தம்பி. ஒண்டு மட்டும்: கோர்ஸிலை, ஆழத்திலை மிதப்பை ட்றைசூட்டுக்குள்ள விடுற காத்தாலை சரி பண்ணச் சொல்லிக் குடுப்பினம். சிலர் பிசிடியாலைதான் செய்ய வேணும் எண்டு சண்டை பிடிப்பினம். முதல் வருசம் ட்றைசூட்டையே பாவியுங்கோ, ஒரு காத்தைப் பாத்துக்கொள்ளுறது இரண்டைப் பாத்துக்கொள்ளுறதை விட லேசு.

குவாரிக்_குருவி

மாமா சொல்வது ஒற்றைச் சிலிண்டருக்குப் பொருந்தும், அளவான ஈயத்தோடு. ஈயம் கூடப் போட்டால் அதைத் தூக்கச் சூட்டுக்குள் ஒரு பலூன் அளவு காற்று ஓடித் திரியும், அப்போதுதான் கால் தூக்கும் பிரச்சினை. ஆகவே முதல் வேலை ஈயத்தைக் குறைப்பது. டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, சூட்டில் காற்று இல்லாமல் 3 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நின்றால் சரி, மூழ்கினால் ஒரு கட்டி கழற்றலாம்.

ஸ்காபரோ_சுறா

கடைசிக் கேள்வி. பஃபலோ பக்கம் ஒருத்தர் 100 கன அடி ஸ்ரீல் சிலிண்டர் இரண்டு விக்கிறார், இஞ்சத்தை விலையிலை பாதி. ஈயம் குறைக்கலாம் எண்டு குருவி அக்கா சொன்னவா. பிறகு அலுமினியம் ஒண்டும் சேத்துச் சும்மா தாறாராம். எடுக்கட்டோ?

நெய்தல்

தோள் பகுதில அடிச்சிருக்கிற எழுத்தைப் படிச்சுச் சொல்லுங்க. டி.சி அல்லது சி.டி.சி-ன்னு இருந்தாத்தான் கனடாவுல கடைக்காரன் காத்து நிரப்புவான். டி.ஓ.டி மட்டும்னா அது அமெரிக்காவுக்கு. ரெண்டும் சேர்த்து அடிச்சதும் நிறைய உண்டு, அப்ப பிரச்சினை இல்ல. கடைசி ஹைட்ரோ (தண்ணி அழுத்தச் சோதனை) தேதியையும் பாருங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணியிருக்கணும்.

அலுமினியம் எந்த வருஷம்? 1988-க்கு முன்னாடி செஞ்சதுல 6351 கலவை நிறைய உண்டு. அதுல கழுத்துப் பக்கம் வெடிப்பு விட்ட கதைகள் இருக்கு, பல கடைல தொட மாட்டாங்க.

ஸ்காபரோ_சுறா

படம் அனுப்பினவர். ஸ்ரீல் இரண்டிலையும் டி.ஓ.டி எண்டு மட்டும்தான் கிடக்கு. அலுமினியம் 1984.

நெய்தல்

மூணையும் விட்டுடுங்க. பாதி விலைக்குக் காரணம் இப்ப தெரிஞ்சுதா?